மூன்றரைப் பக்கத்தில் அதிகாரம்: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

சமூகவியல் பாடநூல் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

திருத்தப்பட்ட மேல்நிலைப் பாடநூலில் 'அதிகாரமும் அரசியல் அமைப்பும்' என்ற பாடம் மூன்றரைப் பக்கமாகச் சுருங்கியிருக்கிறது. பழைய நூலில் அது பதினான்கு பக்கம். பாடச்சுமையைக் குறைத்திருப்பதாக முன்னுரையில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்திவரும் ஆசிரியை நான். பக்கங்கள் குறைந்ததைப் பொறுத்துக்கொள்வேன். மிஞ்சிய பக்கங்கள் பிள்ளைகளுக்குத் தவறாகக் கற்றுக்கொடுப்பதைப் பொறுக்க முடியவில்லை.

என்ன மிஞ்சியிருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதிகாரத்துக்கு இரண்டு வரையறைகள். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் வகுத்த மூன்று அதிகார வகைகளுக்குத் தலைக்கு ஒரு வரி. பிறகு ஓர் அட்டவணை. சிறுகுழு, பழங்குடி, தலைவராட்சி (பல ஊர்கள் ஒரு தலைவருக்குக் கீழ்), அரசு என்று நான்கு வரிசைகள். தலைமை, சட்டம், அரசியல் அமைப்பு என்று மூன்று பத்திகள். முதல் இரண்டு வரிசைகளின் கட்டங்களில் 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று நிரப்பியிருக்கிறீர்கள். ஓரத்தில் மேலிருந்து கீழாக ஓர் அம்புக்குறி. அதன் பக்கத்தில் 'வளர்ச்சி' என்ற சொல்.

முதலில் சொற்களைப் பற்றிப் பேச வேண்டும். ஆங்கிலத்தில் பவர், அத்தாரிட்டி என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. வேபர் எழுதிய ஜெர்மனிலும் மாக்ட், ஹெர்ஷாஃப்ட் என்று இரண்டு சொற்கள்தான். எதிர்ப்பையும் மீறித் தன் எண்ணத்தை நிறைவேற்றிக்கொள்ள ஒருவருக்கு இருக்கும் வாய்ப்பு முதல் சொல். ஒருவர் இடும் கட்டளைக்குக் குறிப்பிட்ட மக்கள் கீழ்ப்படிவார்கள் என்ற வாய்ப்பு இரண்டாவது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் புரியவைப்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். உங்கள் நூலில் இரண்டுக்கும் 'அதிகாரம்' என்ற ஒரே சொல் நிற்கிறது. பக்கத்தின் மேற்பகுதியில் 'அதிகாரம் என்பது பிறரைக் கட்டுப்படுத்தும் ஆற்றல்' என்று இருக்கிறது. கீழே 'அதிகாரம் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆற்றல்' என்று இருக்கிறது. 'அதிகாரம் என்றால் என்ன?' என்று ஒரு வினா வந்தால் பிள்ளை எதை எழுதுவது?

தமிழில் சொல்லுக்குப் பஞ்சமா? வலு, வலிமை, வல்லமை, ஆணை, ஆளுகை, ஆட்சி, செல்வாக்கு, உரிமை என்று எத்தனை சொற்கள் நம் கைவசம் இருக்கின்றன. வகுப்பில் நான் முதலாவதை 'வலு' என்றும் இரண்டாவதை 'அதிகாரம்' என்றும் சொல்கிறேன். கத்தியைக் காட்டிப் பையைப் பறிப்பவனிடம் இருப்பது வலு. சாலையின் நடுவே கையை உயர்த்தி நிற்கும் காவலருக்கு ஒரு லாரியைத் தடுத்து நிறுத்தும் உடல்பலம் கிடையாது. ஆனாலும் லாரி நிற்கிறது. நிறுத்துவதற்கு அவருக்கு உரிமை உண்டு என்று ஓட்டுநர் ஏற்றுக்கொண்டிருப்பதால் நிற்கிறது. அந்த ஏற்புதான் வலுவை அதிகாரமாக்குகிறது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். பாடச்சுமை என்று இதையா கணக்கிட்டீர்கள்?

'அரசு', 'அரசாங்கம்' இரண்டையும் நீங்கள் மாற்றி மாற்றிப் போட்டிருப்பதும் இதே வகைக் குழப்பம்தான். தேர்தலில் தோற்ற அரசாங்கம் வீட்டுக்குப் போகிறது. அரசு எங்கும் போவதில்லை. அந்த வேறுபாடு தெரியாத மாணவர், ஆட்சியிலிருப்பவரைக் குறைசொல்வது நாட்டையே குறைசொல்வது என்று நம்பியபடி பள்ளியை விட்டு வெளியேறுவார்.

மூன்றாவதாக ஒரு சொல் இருக்கிறது. அதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. 'பழங்குடி' என்று நாம் எழுதும்போதே அந்தச் சொல்லுக்குள் 'பழமை' உட்கார்ந்திருக்கிறது. இன்று உயிரோடு இருக்கும் மக்களை, நம்மோடு ஒரே ஆண்டில், ஒரே மாதத்தில் வாழும் மக்களை, நேற்றைய மனிதர்களாக அந்தச் சொல் காட்டிவிடுகிறது. உங்கள் அம்புக்குறி அதற்கு ஆணி அடிக்கிறது.

சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். மலைக் குடியிருப்பு ஒன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். அட்டவணையை நான் வாசித்தபோது கையைத் தூக்கினாள். "டீச்சர், எங்கள் ஊரில் இரண்டு வீட்டுக்கும் சண்டை வந்தால் பெரியவர்கள் உட்காருவார்கள். யார் முதலில் பேசுவது, யார் கடைசியில் பேசுவது என்று முறை இருக்கிறது. என் பாட்டி பேசி முடிக்கும்வரை ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள். அது அமைப்பு இல்லையா?" என்று கேட்டாள். அமைப்புதான் என்றேன். "அப்படியானால் புத்தகத்தில் ஏன் 'இல்லை' என்று போட்டிருக்கிறார்கள்?" என்றாள். புத்தகம் தவறு என்று அவளிடம் சொன்னேன். தேர்வில் அவள் சொன்னதையே எழுதலாம் என்றும் சொன்னேன். இரண்டாவதாகச் சொன்னதற்காக இன்றுவரை வருந்துகிறேன்.

பொதுத்தேர்வில் 'பழங்குடிச் சமூகங்களின் அரசியல் அமைப்பை விளக்குக' என்று ஐந்து மதிப்பெண் வினா வந்தது. விடைத்தாள் நகல் வாங்கி அவளும் நானும் சேர்ந்து படித்தோம். ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். எல்லைத் தகராறு எப்படிப் பேசித் தீர்க்கப்படுகிறது, தீர்ப்புக்குக் கட்டுப்படாதவரை யாரும் அடிப்பதில்லை, ஆனால் அவர் வீட்டு வேலைக்கும் சாவுக்கும் ஒருவரும் போவதில்லை, வழிக்கு வந்தபின் இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால்தான் வழக்கு முடிந்ததாகக் கணக்கு என்று விரிவாக எழுதியிருந்தாள். இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்த வினாவுக்கு நான் படித்த விடைகளில் அதுவே சிறந்தது. குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, பக்கத்தில் பூச்சியம். மறுகூட்டலுக்கு விண்ணப்பித்தோம், மாற்றமில்லை என்று பதில் வந்தது. திருத்தியவர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் கையிலிருந்த விடைக்குறிப்பில் 'முறையான அரசியல் அமைப்பு இல்லை' என்று இருந்தது. அது உங்கள் அட்டவணையிலிருந்து எழுத்து மாறாமல் எடுத்த வரி.

கேட்டது அவள் ஒருத்திதான். கேட்காமல் தலைகுனிந்து, தன் பாட்டியைப் பற்றி 'இல்லை' என்று மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை என்னால் எண்ண முடியாது.

'இல்லை' என்று நீங்கள் எழுதிய கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை மானிடவியல் 1940ஆம் ஆண்டிலேயே விரிவாகக் காட்டிவிட்டது. தென் சூடானின் நூவர் மக்களிடையே தங்கி ஆய்வு செய்த இவான்ஸ்-பிரிட்சர்ட், மன்னரோ காவல் படையோ நீதிமன்றமோ இல்லாமல் பெருந்திரளான மக்கள் ஒழுங்கோடு வாழ்வதைப் பதிவு செய்தார். அங்கே சிறுத்தைத்தோல் போர்த்திய ஒருவர் உண்டு. கொலை செய்தவன் அவர் வீட்டில் அடைக்கலம் புகுந்தால், அங்கே வைத்து அவனை யாரும் தொடுவதில்லை. அவர் இரு குடும்பங்களுக்கும் நடுவே போய்வருகிறார். ஈடாக எத்தனை மாடு என்று பேசுகிறார். இறந்தவரின் உறவினர் மறுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர் சபித்துவிடுவதாகச் சொன்னபின் இறங்கிவருகிறார்கள். அவருக்கு ஆணையிடும் உரிமை கிடையாது. பணியவைக்கும் ஆட்பலமும் கிடையாது. ஆனாலும் அவர் இல்லாமல் பகை அடங்காது. இந்த மனிதரை உங்கள் அட்டவணையின் எந்தக் கட்டத்தில் வைப்பீர்கள்? அவர் பழைய நூலில் இருந்தார். நீங்கள்தான் எடுத்துவிட்டீர்கள்.

இப்படிச் சொல்வதால் அரசில்லாத வாழ்வு பொன்னுலகம் என்று நான் வாதிடவில்லை. நூவர் மக்களிடையே பழிக்குப் பழி கொலைகள் நடந்தன. பக்கத்து டிங்கா மக்களின் மாடுகளை அவர்கள் சூறையாடினார்கள். மேற்கு ஆசியாவில் ஊருக் போன்ற பழங்கால நகரங்கள் எழுந்தபோது வரி, எழுத்து, கிடங்கு, படை எல்லாம் சேர்ந்து புதிதாக ஒன்று பிறந்தது என்பதும் உண்மை. அதைப் பிள்ளைகள் படிக்கவே வேண்டும். ஓர் ஊரின் வழக்கைப் பேசித் தீர்க்கும் முறையால் கோடிப் பேருக்குத் தடுப்பூசி போட முடியாது. ஆனால் அரசு இல்லை என்பதும் அமைப்பு இல்லை என்பதும் ஒன்று என்று நினைப்பதன் விளைவு என்னவென்று வரலாற்றில் ரத்தத்தால் எழுதியிருக்கிறது.

தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்களிடம் பல பகுதிகளில் ஊர்த்தலைவர் என்று தனியொருவர் இருந்ததில்லை. ஊர்க்கூட்டம், வயதுக் குழுக்கள், பட்டம் பெற்ற பெரியவர்கள், பெண்களுக்கென்று தனிக் கூட்டங்கள் என்று பலர் கையில் ஆளுகை பரவியிருந்தது. அங்கே வந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் தலைவரைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. தலைவர் இல்லையென்றால் அமைப்பே இல்லை என்று முடிவு கட்டி, தங்களுக்குத் தோதான ஆட்களைப் பொறுக்கி, கையில் ஒரு நியமனத் தாளைக் கொடுத்துத் தலைவர்களாக்கினார்கள். வாரண்ட் தலைவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். ஊரில் யாரும் ஏற்காத அவர்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்தார்கள். வரிக்கு ஆள் கணக்கெடுத்தார்கள். 1929 நவம்பரில் ஓலோகோ என்ற ஊரில் பெண்களையும் ஆடுகளையும் எண்ணத் தொடங்கியதும், பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற பேச்சு பரவியது. பெண்கள் ஊர் ஊராகச் செய்தி அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கில் திரண்டு வாரண்ட் தலைவர்களின் வீடுகளைச் சூழ்ந்து, ஆடிப் பாடி, அவர்களின் தொப்பிகளைக் கழற்றித் தரச் சொன்னார்கள். தவறு செய்த ஆண்மகனை இப்படிச் சூழ்ந்து நாணவைப்பது அந்தப் பெண்களின் பழைய உரிமை. அரசின் கண்ணுக்கு அது கலவரமாகத் தெரிந்தது. படை சுட்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் வாரண்ட் தலைவர் முறையையே கைவிட்டார்கள்.

அந்த அதிகாரிகளின் மனதிலும் உங்கள் அட்டவணைதான் இருந்தது. 'தலைமை: இல்லை. அரசியல் அமைப்பு: இல்லை.' கட்டம் காலியாக இருக்கிறது என்று நம்பியதால்தான் அதில் தங்கள் ஆட்களைக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். இதை நான் வகுப்பில் சொல்லும்போது எந்தக் கடைசி வரிசை மாணவனும் தூங்குவதில்லை. பழைய நூலில் இதற்கு ஒன்றரைப் பக்கம் இருந்தது.

அம்புக்குறியைப் பற்றி. சிறுகுழு, பழங்குடி, தலைவராட்சி, அரசு என்ற நான்கு வகைப் பகுப்பை மானிடவியலாளர் எல்மன் செர்வீஸ் 1962இல் முன்வைத்தார். ஒழுங்குபடுத்திப் பார்ப்பதற்கு அது உதவுகிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் 1975இல் இன்னொரு மானிடவியலாளர் மார்ட்டன் ஃப்ரைட், 'டிரைப்' (பழங்குடி) என்று நாம் வரையறுக்கும் கூட்டங்கள் பலவும் அரசுகளின் நெருக்குதலால், அவற்றுக்கு எதிராகவோ அவற்றின் வசதிக்காகவோ உருவானவை என்று வாதிட்டார். அப்படியானால் அரசுக்கு முந்தைய படியாக அதை எப்படி வரைவது? பர்மாவின் கச்சின் மலைகளில் எட்மண்ட் லீச் கண்டது இன்னும் கூர்மையானது. தலைவர்கள் உயர்ந்து நிற்கும் கும்சா முறைக்கும், எல்லோரும் சமம் என்னும் கும்லாவ் முறைக்கும் இடையே அந்த ஊர்கள் மாறி மாறிப் போய்வந்ததை அவர் 1954இல் எழுதினார். வட அமெரிக்கச் சமவெளியில் ஷையான் மக்கள் கோடைக்காலக் காட்டெருமை வேட்டைக்கு ஒன்றுகூடும்போது போர்வீரர் சங்கங்களுக்குக் காவல் அதிகாரம் இருந்தது. வேட்டையைக் கெடுத்தவனைச் சவுக்கால் அடிக்கலாம், அவன் உடைமையை உடைக்கலாம். கூட்டம் கலைந்து சிறு குழுக்களாகக் குளிர்காலத்துக்குப் பிரிந்ததும் அந்த அதிகாரமும் கலைந்துவிடும். ஓராண்டுக்குள்ளேயே இரண்டு அரசியல் அமைப்புகள்! ஐஸ்லாந்தில் 930 முதல் 1262 வரை சட்டம் இருந்தது, சட்டமன்றம் இருந்தது, மன்னர் இல்லை, தீர்ப்பை நிறைவேற்றும் படையும் இல்லை. உங்கள் அம்புக்குறி இவர்களில் யாருடைய வாழ்க்கையில் எந்தப் பக்கம் பாய்கிறது?

வேபருக்கு வருகிறேன். மரபுவழி அதிகாரம், ஆளுமைக் கவர்ச்சியால் வரும் அதிகாரம், சட்டமுறை அதிகாரம் என்று மூன்றுக்கும் ஒவ்வொரு உதாரணம் கொடுத்து முடித்துவிட்டீர்கள்: மன்னர், புரட்சித் தலைவர், அதிகாரி. இவை தூய வடிவில் எங்கும் கிடைக்காத மாதிரி வகைகள் என்று வேபரே தெளிவாக எழுதியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டதால், பிள்ளைகள் தங்கள் முன் நிற்கும் மனிதரை ஒரு டப்பாவுக்குள் போட்டு மூடப் பழகுகிறார்கள். தேர்தலில் வென்ற ஒருவரைப் பாருங்கள்: பதவி சட்டத்தால் வந்தது, வாக்கு பேச்சின் ஈர்ப்பால் வந்தது, வேட்பாளர் இடம் அப்பாவின் பெயரால் வந்தது. மூன்றும் ஒரே உடலில் இருக்கின்றன. அவர் எதைக் கேட்கும்போது எந்த உரிமையில் கேட்கிறார் என்று பிரித்துப் பார்க்கத்தான் வேபரின் வகைகள் தேவைப்படுகின்றன.

ஏற்பு திரும்பப் பெறப்படும்போது என்ன நடக்கும் என்பதை நீங்கள் முழுவதுமாக நீக்கிவிட்டீர்கள். ருமேனியாவை 24 ஆண்டுகள் ஆண்ட சௌசெஸ்கு 1989 டிசம்பர் 21 அன்று மாடத்தில் நின்று பேசினார். கூட்டத்திலிருந்து கூச்சல் எழுந்தது. அவர் முகம் திகைத்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. மறுநாள் ஹெலிகாப்டரில் தப்பியோடினார். ஒரே இரவில் துப்பாக்கிகள் எண்ணிக்கையில் குறைந்துவிடவில்லை. அவற்றைப் பிடித்திருந்தவர்கள் கீழ்ப்படிவதை நிறுத்தினார்கள்.

உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் சோதனையையும் எடுத்துவிட்டீர்கள். 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு அது. அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும்படி ஆய்வாளர் சொல்லச் சொல்ல, 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் என்று எழுதியிருந்த கடைசிப் பொத்தான்வரை போனார்கள். அதிர்ச்சி பொய்யானது என்பது அவர்களுக்குத் தெரியாது. பலரும் இந்த எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் வகுப்பில் நேரம் செலவிடுவது இன்னொரு எண்ணுக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவர் 'இனி மாட்டோம்' என்று எழுந்துகொண்ட சுற்றில், கடைசிவரை போனவர்கள் 40 பேரில் 4 பேர் மட்டுமே. ஒவ்வோர் ஆண்டும் இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நிற்பேன். அந்த நிமிடத்துக்காகவே ஆசிரியராக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

நீக்கியவற்றிலேயே எனக்கு அதிகம் வலித்தது ஒரு சின்னப் பயிற்சி. பழைய பாடத்தின் இறுதியில், 'ஒரு நாள் முழுக்க நீங்கள் யாருக்கெல்லாம் கீழ்ப்படிந்தீர்கள், ஏன் என்று பட்டியலிடுக' என்று இருந்தது. மதிப்பெண் கிடையாது. முதல் ஆண்டு அதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தபோது அதன் ஆழம் எனக்கே தெரியாது. பிள்ளைகள் எழுதி வந்ததைப் படித்தபின்தான் தெரிந்தது. அம்மா, பஸ் நடத்துனர், மூத்த மாணவர்கள், மருத்துவர், ஆசிரியர் என்று நீளும் பட்டியல். 'ஏன்' என்ற பத்தியில் பயம், மரியாதை, பழக்கம், அவருக்குத் தெரியும், விதி அப்படி, எல்லோரும் செய்தார்கள் என்று எழுதியிருந்தார்கள். ஃபிரெஞ்ச், ரேவன் என்ற இரு உளவியலாளர்கள் 1959இல் வலுவின் அடிப்படைகளை தண்டனை, வெகுமதி, முறைமையான உரிமை, ஒருவர்மீதுள்ள பற்று, அறிவு என்று ஐந்தாகப் பிரித்தார்கள். அந்த ஐந்தும், அவர்கள் பெயரையே கேள்விப்படாத பதினாறு வயதுப் பிள்ளைகளின் நோட்டுகளில் இருந்தன. நான் பெயர் சொல்லித்தர வேண்டியதுதான் பாக்கி.

ஒரு மாணவன் எல்லா வரிசைகளையும் நிரப்பி, 'அப்பா' என்பதற்கு நேரே மட்டும் 'ஏன்' பத்தியை வெறுமையாக விட்டிருந்தான். நானும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து நோட்டை மீண்டும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். அந்தக் கட்டத்தில் 'பயம். ஆனால் பயத்தை மரியாதை என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்' என்று எழுதியிருந்தது. வலுவுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் துல்லியமாக எழுதிய அறிஞர் யாரையும் எனக்குத் தெரியாது. அந்தப் பயிற்சியைத்தான், 'மதிப்பீட்டுக்கு உகந்ததல்ல' என்று காரணம் காட்டி நீக்கியிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டும். முடிவெடுக்கும் இடத்தில் வெல்வது மட்டும் வலுவாகாது, எந்தப் பேச்சு மேசைக்கே வரக்கூடாது என்று தீர்மானிப்பதும் வலுதான் என்று அரசியல் ஆய்வாளர்கள் பீட்டர் பக்ராக்கும் மார்ட்டன் பாரட்ஸும் 1962இல் எழுதினார்கள். எந்தப் பாடம் அச்சாகும், எது அச்சாகாது என்று முடிவு செய்யும் நீங்கள் அந்த வலுவைக் கையில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் நியமனம் சட்டப்படி நடந்தது. உங்களில் பலர் இந்தத் துறையில் ஆழ்ந்த அறிவுடையவர்கள். அந்த இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் இந்தப் பாடத்தை வெட்டும்முன் நடத்துகிறவர்களிடம் ஒரு கருத்தும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த சமூகவியல் ஆசிரியர்களில் ஒருவருக்குக்கூட வரைவு வரவில்லை. அச்சான நூலை அட்டைப்பெட்டியிலிருந்து பிரித்தபோதுதான் பார்த்தோம். ஏற்பைக் கேட்டுப் பெறாத முடிவை என்ன பெயரிட்டு அழைப்பது என்று என் மாணவர்கள் என்னைக் கேட்டால், பாடத்தில் உள்ள சொல்லைத்தான் நான் சொல்ல முடியும்.

ஆகவே நான் கேட்பவை இவை.

முதல் இரண்டு வரிசைகளில் 'இல்லை' என்று அச்சிட்ட அட்டவணையையும் அம்புக்குறியையும் இந்தக் கல்வியாண்டிலேயே ஒரு திருத்தச் சுற்றறிக்கை மூலம் நீக்குங்கள். அடுத்த பதிப்புவரை காத்திருக்கக் கூடாது. 'இல்லை' என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்: வழக்கைப் பேசித் தீர்ப்பவர், கூட்டம், உறவுமுறைக் கடமை, ஒதுக்கிவைத்தல். ஐந்தாறு வரிகள் போதும்.

விடைக்குறிப்பில் 'முறையான அரசியல் அமைப்பு இல்லை' என்ற வரியை அடுத்த தேர்வுக்குமுன் எடுத்துவிடுங்கள். தன் சமூகத்தில் நேரில் கண்டதை ஆதாரமாக வைத்து மாணவர் எழுதும் விடைக்கு மதிப்பெண் உண்டு என்று திருத்துபவர்களுக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவியுங்கள். சென்ற தேர்வில் அந்த வினாவுக்கு அப்படி எழுதிப் பூச்சியம் வாங்கியவர்களின் தாள்களை மறுபடி மதிப்பிட வழி செய்யுங்கள். என் மாணவி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அந்த ஐந்து மதிப்பெண்ணால் இனி அவளுக்கு ஆவது எதுவுமில்லை. ஆனாலும் அந்தச் சிவப்புக் கோடு தவறு என்று ஒரு கடிதம் அவளுக்குப் போக வேண்டும்.

வலு, அதிகாரம், ஏற்பு, அரசு, அரசாங்கம் ஆகியவற்றுக்கு நூல் முழுவதும் ஒரே சொல்லாட்சியை வரையறுத்துப் பின்பற்றுங்கள். நான் பயன்படுத்தும் சொற்களையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கவில்லை. இரண்டு கருத்துக்கு இரண்டு சொல் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 'பழங்குடி' என்ற சொல்லுக்கு மாற்று வேண்டுமா என்பதை அந்த மக்களிலிருந்து வந்த ஆசிரியர்களையும் மாணவர்களையும் உட்காரவைத்துக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இக்போ பெண்களின் போராட்டத்தையும் மில்கிராமின் சோதனையையும் திரும்பச் சேருங்கள். மொத்தம் மூன்று பக்கம் ஆகும். சுமை என்று நினைத்தால் இரண்டு வரையறைகளில் ஒன்றையும், வேபரின் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் மனப்பாடம் செய்யச் சொல்லும் வினாவையும் எடுத்துவிடுங்கள். 'யாருக்குக் கீழ்ப்படிந்தீர்கள், ஏன்' என்ற பயிற்சியை மதிப்பெண் இல்லாமலே அச்சிடுங்கள்.

அடுத்த பதிப்பின் வரைவை, அச்சுக்குப் போவதற்குக் குறைந்தது மூன்று மாதத்துக்குமுன் எல்லாச் சமூகவியல் ஆசிரியர்களுக்கும் அனுப்புங்கள். வரும் கருத்துகளில் எதை ஏற்றீர்கள், எதை மறுத்தீர்கள், ஏன் என்று வெளியிடுங்கள்.

திருத்தச் சுற்றறிக்கை வருமா வராதா என்பதை அரையாண்டுத் தேர்வுக்குமுன் எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பாடத்தை அதற்கு அடுத்த வாரம் நான் நடத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சமூகவியல் ஆசிரியை